தலையைத் தூக்கினால் ‘என்ன’ என்றுதான் அர்த்தம்

தோட்டத்து வீடு,
அன்னூர்.
17 மார்ச் 1996

அன்பு மாப்பிள்ளை ராசப்பன் அவர்களுக்கு,

உங்கள் அக்கா சென்னியம்மாளின் வீட்டுக்காரன் மாசாணம் எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நான் நலமாக இல்லை, ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன். சென்னையில் நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருந்தால் இருந்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவர் நீங்கள்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும்.

மெஷின் கண்காட்சியில் அந்தத் துருக்கிக்காரரைப் பார்த்துப் பேசியது நீங்கள். ‘எங்க அக்கா பையன் பீளமேட்டுல நூற்பு மெஷினுக்கு உதிரி பாகம் செய்யறானுங்க’ என்று அட்ரஸ் எழுதிக் கொடுத்ததும் நீங்கள். அவர் பர்ஸா என்ற ஊரில் மில் வைத்திருக்கிறார், பெரிய ஆர்டர் கொடுப்பார், அன்புமணிக்கு விடிவுகாலம் என்று போனில் சொன்னீர்கள். சரி, உண்மைதான். போன வருடம் முழுக்க நம் பட்டறையில் பாதி லேத் துணி போர்த்திக்கொண்டு தூங்கியது. இந்த ஆர்டர் வந்தால்தான் அவை எழுந்திருக்கும், வராவிட்டால் பட்டறையை வேறொருவருக்கு விட்டுவிட்டு அன்புமணி எங்காவது சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான். மில்லில் கூலிக்கு நின்று, லேத்தை யாரும் சொல்லித் தராமல் பார்த்தே பழகி, நான் போட்ட பட்டறை அது. அது கைவிட்டுப் போக வேண்டும் என்று நான் நினைப்பேனா? நினைத்தேன் என்று இப்போது வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வருகிறவருக்குத் தக்க மரியாதை செய்ய வேண்டும் என்று நான் முன்கூட்டியே தயாரானேன். உக்கடம் பழைய புத்தகக் கடையில் துருக்கியைப் பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. ‘அந்நியநாட்டு விருந்தினர் கடைப்பிடிக்க வேண்டிய முறைகள்’ என்று அதில் ஓர் அத்தியாயமே இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தேன். விருந்தினர் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், இனிப்பு வாங்கி வர வேண்டும், டீயை வேண்டாம் என்று சொல்லக் கூடாது, தட்டில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்றெல்லாம் தெளிவாகப் போட்டிருந்தது. அதெல்லாம் துருக்கிக்குப் போகிற ஆட்களுக்குச் சொன்னது என்று மருமகள் இளவேனில் வாதம் செய்தாள். அந்நியநாட்டு விருந்தினர் என்றால் யார் அம்மணி, வருகிறவர் அந்நியநாட்டவர், வருவது விருந்துக்கு, அப்படியென்றால் இது அவருக்குச் சொன்னதுதானே என்று கேட்டேன். நாலாவது அத்தியாயத்தைக் கரையான் தின்றிருந்தது. அதில் என்ன இருந்திருக்கும் என்று இப்போது எல்லோரும் எனக்குச் சொல்லித் தருகிறார்கள்.

அவர் பெயர் ஜெமால். அந்த ஊரில் ஆண்களை மரியாதையாக அழைக்க, பெயருக்குப் பின்னால் ‘பே’ என்று சேர்ப்பார்களாம். நம்முடைய ‘அவர்கள்’ மாதிரி. புத்தகத்தில் இருந்ததை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். உங்கள் அக்கா காதில் அது எப்படி விழுந்ததோ, “ஏனுங்க, செவ்வாக்கிழமையும் அதுவுமா ஊட்டுக்குப் பேயைக் கூட்டியாரீங்களா?” என்று கேட்டுவிட்டு நிலைப்படியில் வேப்பிலை செருகிவிட்டாள். அவர் வந்து வேப்பிலையைப் பார்த்து வரவேற்புத் தோரணம் என்று நினைத்து, தலையைக் குனிந்து நெஞ்சில் கை வைத்தார். ஷூவைக் கழற்றினார். இனிப்புப் பெட்டி கொடுத்தார். புத்தகத்தின்படி எல்லாம் சரியாக இருந்தது, எனக்குத் திருப்தி. பெட்டியைத் திறந்தால் பன்னீர் மணக்கிற அல்வா, துண்டு போட்டு மாவில் புரட்டி வைத்திருந்தது. ‘டர்க்கிஷ் ஸ்வீட்’ என்றார். இது அல்வாதானுங்க, எங்க ஊர்ல நெய் வடியாம இருக்கறதுக்காக மாவு தூவ மாட்டோமுங்க என்றேன். அன்புமணி அதை மொழிபெயர்க்கவில்லை. அங்கேதான் முதல் தப்பு. நான் சொன்னதைச் சொன்னபடி அவரிடம் சேர்த்திருந்தால் பிற்பாடு எதுவுமே நடந்திருக்காது.

பந்தியில் உட்கார்ந்தோம். அவருக்கு வலப்பக்கம் அன்புமணி, எதிரில் நான். இலையில் பொரியல் வைக்கப் போனேன். அவர் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, புருவத்தைத் தூக்கி, நாக்கால் ‘ச்சு’ என்றார். ‘என்ன?’ என்று கேட்கிறார். நம் ஊரில் வாய் திறக்காமல் என்ன என்று கேட்க வேறு எப்படி மாப்பிள்ளை கேட்போம்? “இது அவரைக்காய்ப் பொரியலுங்க, தேங்காய் போட்டதுங்க” என்று சொல்லி, வாயால் சொன்னால் ருசி தெரியாது என்று ஒரு கரண்டி வைத்தேன். சாப்பிட்டார். கத்தரிக்காயைக் கொண்டுபோனேன். மறுபடி தலையைத் தூக்கினார். இவருக்கு விஷயம் தெரிந்துகொள்வதில் எத்தனை ஆர்வம் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எண்ணெய்க் கத்தரிக்காய், புளி எவ்வளவு, எள் எவ்வளவு என்று சொல்லி இரண்டு கரண்டி வைத்தேன். அரிசியும் பருப்பும் சாதம், தலை. கொள்ளு ரசம், தலை. ஒவ்வொன்றுக்கும் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் நான் சொன்னேன், வைத்தேன். புத்தகத்தில் போட்டபடி அவர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். இலை காலியானால் பரிமாறாமல் இருக்க நான் என்ன ஹோட்டலா நடத்துகிறேன்? மறுபடி வைத்தேன். அவருக்கு வேர்த்தது. மின்விசிறியைத் திருப்பி வைத்தேன்.

இனி வான்கோழி. துருக்கிக்கு இங்கிலீஷில் டர்க்கி, வான்கோழிக்கும் இங்கிலீஷில் டர்க்கி. அவர் ஊர்ப் பறவை என்பது இதிலேயே தெரிகிறது. அந்நிய ஊரில் தன் ஊர்ப் பறவையைப் பார்த்தால் கண் கலங்குவார் என்று, இந்த அன்னூர்த் தோட்டத்தில் வளர்ந்ததைப் பாய் கடையில் அவர்கள் முறைப்படி அறுத்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். குழம்பு வைத்த சட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்து, பெருமையாக “டர்க்கி!” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. சட்டியைக் காட்டிச் சொன்னார்: “ஹிந்தி!”

மாப்பிள்ளை, அறுபத்தைந்தில் நான் எந்த ஊர்வலத்தில் நின்றேன், என் முதுகில் எத்தனை தடியடி விழுந்தது என்பது உங்களுக்குத் தெரியும். நம் வீட்டில் தபால் கவரில்கூட அந்த எழுத்து இருக்கும் பக்கத்தை நான் திருப்பித்தான் வைப்பேன். அப்படிப்பட்ட வீட்டில், என் பந்தியில் உட்கார்ந்து, என் குழம்பைப் பார்த்து ஒருவர் ஹிந்தி என்கிறார்.

“அன்புமணி, அவர்கிட்டச் சொல்லு. அது இந்த ஊட்டுக்குள்ள வராது” என்றேன்.

“அப்பா, சித்தே இருங்கப்பா. அவரு வேற என்னமோ சொல்றாரு.”

“எனக்குக் காது கேக்குதுடா. ஹிந்திங்கறாரு.”

அவரோ நான் கோபப்படுவதைப் பார்த்து, எனக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாக, “யெஸ், யெஸ், ஹிந்தி! வெரி குட் ஹிந்தி! நியூ இயர், ஆல் டர்க்கி பீப்பிள் ஈட் ஹிந்தி!” என்றார். ஒரு நாட்டு ஜனமே வருடப் பிறப்பன்று ஹிந்தியைத் தின்கிறது என்று கேட்டதும், உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் என் மனம் குளிர்ந்தது. நல்ல காரியம்தானே, தின்று தீர்க்கட்டும் என்று இரண்டு துண்டு கூடுதலாக வைத்தேன். பிறகு அன்புமணி பாதி இங்கிலீஷ் பாதி கைஜாடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னான்: வான்கோழி இந்தியாவிலிருந்து வந்தது என்று நினைத்து அவர்கள் அதற்கு ஹிந்தி என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். துருக்கியிலிருந்து வந்தது என்று நினைத்து இங்கிலீஷ்காரன் டர்க்கி என்று வைத்திருக்கிறானாம். உண்மையில் அது இரண்டு பேர் ஊரும் இல்லையாம், அமெரிக்காவாம். ஆக, ஒருத்தரும் சரியாக விசாரிக்கவில்லை. பார்த்தபடி பெயர் வைத்தவர்கள் நாம்தான், வான்கோழி. “அது வானத்துல பறக்கறதில்லீங்களே மாமா” என்றாள் இளவேனில். பறக்காதது கோழியின் குற்றம், தமிழின் குற்றம் இல்லை என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தேன்.

அடுத்தது மோர். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்ட மோர். ஒரு வாய் குடித்ததும் மனிதர் துள்ளிவிட்டார். “அய்ரான்! அய்ரான்!” என்றார். “ஈரான் இல்லீங்க, இந்தியா. அதுலயும் கோயமுத்தூருங்க” என்று திருத்தினேன். அது ஈரான் இல்லையாம், அய்ரானாம். அவர்கள் ஊரில் தயிரில் தண்ணீரும் உப்பும் போட்டுக் குடிப்பார்களாம், அவர்கள் கண்டுபிடித்ததாம், ஆயிரம் வருடமாக இருக்கிறதாம். நான் விடுவேனா? உங்க ஊருல இஞ்சி போடுவீங்களா என்றேன். இல்லை என்றார். கறிவேப்பிலை? அது என்னவென்றே தெரியவில்லை. அப்படியென்றால் எங்களிடமிருந்து தூக்கிக்கொண்டு போனவர்கள் அவசரத்தில் பாதிச் சாமானை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றேன். இதையும் அன்புமணி மொழிபெயர்க்கவில்லை. “அப்பா சொல்றாரு, மோர் நல்லா இருக்குதாமா” என்று அவன் மாற்றிச் சொன்னதாக இளவேனில் பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

சாப்பிட்டு எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று, உங்கள் அக்காவைப் பார்த்து, “எலினிஸே சாலிக்” என்றார். சமைத்த கைக்குச் சுகம் உண்டாகட்டும் என்று வாழ்த்துவதாம், எத்தனை அழகான பழக்கம். ஆனால் அக்கா காதில் முதல் இரண்டு எழுத்துதான் விழுந்தது. “எலியா? எங்கீங்க?” என்று கத்திக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறியவள், அவர் கார் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் இறங்கவில்லை.

இதெல்லாம் செவ்வாய்க்கிழமை. இதில் என் தப்பு ஏதாவது இருக்கிறதா, சொல்லுங்கள். புதன்கிழமை காலையில்தான் அந்தச் சம்பவம்.

பட்டறைக்கு வந்தார். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது, வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். ஆனாலும் சாமான்களை எடுத்துப் பார்த்தார், அளந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அன்புமணி முதுகில் தட்டிக் கொடுத்தார். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டார். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். பின்னால் லேத் ஓடுகிறது, கிரைண்டர் கத்துகிறது, ஒன்றும் காதில் விழவில்லை. நான் தலையைத் தூக்கினேன். ‘என்ன?’ என்று. மறுபடி கேட்டார். நான் புருவத்தையும் சேர்த்துத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து ஒரு பாக்குத் துண்டு கடைவாயில் சிக்கிக்கொண்டது, அதை எடுக்க நாக்கால் ‘ச்சு’ என்றேன். அவ்வளவுதான். மனிதர் முகம் விழுந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்து எனக்கு ஒரு வணக்கம் போட்டார், பேனாவை மூடினார், போய்க் காரில் உட்கார்ந்துவிட்டார். நான் “என்னங்கறேன்? என்னங்கறேன்?” என்று தலையைத் தூக்கித் தூக்கிக் கேட்டுக்கொண்டே பின்னால் போகப் போக, டிரைவரை வேகமாகப் போகச் சொன்னார்.

காருக்குப் பின்னால் ஓடி, தெருமுனையில் நிறுத்தி விசாரித்த அன்புமணி மூச்சு வாங்கத் திரும்பி வந்தான்.

“ஏனுங்கப்பா, இப்புடிச் செஞ்சுபோட்டீங்களே!”

“நான் என்னடா செஞ்சேன்? என்னன்னு கேட்டேன்.”

“அவங்க ஊர்ல தலையைத் தூக்கி ‘ச்சு’ன்னா வேண்டாம்னு அர்த்தமாமுங்கப்பா. ‘ஊட்டுக்குப் பெரியவர் நீங்க, உங்களுக்குச் சம்மதமா’ன்னு கேட்டாராம். நீங்க மூணு தடவை வேண்டாம்னுட்டீங்களாம். பெரியவர் வேண்டாம்னு சொன்னதுக்கு மேல கையெழுத்துப் போடறது மரியாதை இல்லீன்னு போயிட்டாரு.”

பாக்கைத் துப்பிவிட்டுக் கேட்டேன். “அப்படீன்னா நேத்துப் பந்தியில அவரு...”

“ஆமாங்கப்பா. அத்தனையும் வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லியிருக்காரு.”

“கொள்ளு ரசத்துக்குமா?”

“ராத்திரி டாக்டரைக் கூப்பிட்டாங்களாம்பா.”

இதற்கு நான் என்ன செய்ய முடியும்? வேண்டாம் என்றால் இலையை மடிக்க வேண்டும். இலைக்கு மேல் கையை வைத்து மறைக்க வேண்டும். நம் ஊருக்கு வந்தால் நம் ஊர்த் தலையைப் போட்டுக்கொண்டு வர வேண்டும். வேண்டாம் என்பதை ‘என்ன’ என்கிற ஜாடையில் சொல்கிற நாட்டில் ஜனங்கள் எப்படி ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்கிறார்கள் என்றே எனக்கு விளங்கவில்லை. அன்புமணி ஹோட்டலுக்குப் போய் விளக்கிச் சொல்லியிருக்கிறான். அவர் நம்பவில்லையாம். பையன் ஆர்டர் ஆசையில் பெரியவரை மீறிப் பேசுகிறான் என்று நினைத்து, இவனுக்கே புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறார். பெரியவர் நேரில் சம்மதம் என்று காட்டினால்தான் உண்டாம். திங்கட்கிழமை பிளேன்.

அன்றைக்கு வீட்டில் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

“ஒரே ஒரு தடவை வந்து தலையாட்டுங்கப்பா, போதும்” என்றான் அன்புமணி.

“ஆட்டறேன். வா, போலாம்” என்று ஆட்டிக் காட்டினேன்.

“அய்யோ, இப்புடிப் பக்கவாட்டுல ஆட்டினா அவங்க ஊர்ல ‘புரியல’ன்னு அர்த்தமாமுங்கப்பா. மேலிருந்து கீழ ஆட்டோணும்.”

“கீழயா?”

“கீழதானுங்கப்பா.”

“அறுபத்திமூணு வருசமாச் சரிங்கறதுக்குப் பக்கவாட்டுல ஆடின தலைடா இது. மில் மேனேஜர் முன்னாடிகூடக் கீழ போனதில்ல. ஒரு ஆர்டருக்காக இதைக் கொண்டுபோய் யாரு முன்னாடியும் கீழ இறக்க மாட்டேன்.”

“அப்ப பட்டறை போனாலும் பரவால்லீங்களா?” என்று கேட்டான். பெற்ற மகன் கேட்கிற கேள்வியா இது? உங்கள் அக்கா ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. “அந்தத் தலையை வெச்சுட்டு என்னுங்க பண்ணப்போறீங்க?” என்று மட்டும் கேட்டாள். இரண்டு வேட்டியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அன்னூர் பஸ் ஏறிவிட்டேன். நாலு நாளாக நானே பொங்கித் தின்கிறேன். யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அன்புமணி சரியாகச் சாப்பிடுவதில்லை, லேத் பக்கமே போவதில்லை, பட்டறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று பால்காரர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் இதை நீங்கள் அவனிடம் சொல்ல வேண்டாம்.

ஆகவே மாப்பிள்ளை, இந்தக் கடிதம் கிடைத்ததும் நீங்கள் சேரன் எக்ஸ்பிரஸ் பிடித்து வந்து, முதலில் அன்புமணியிடம் உன் அப்பா பேரில் தப்பில்லை என்று சொல்ல வேண்டும். அவனே நேரில் வந்து என்னை அழைத்துக்கொண்டு போக வேண்டும். அந்தத் துருக்கிக்காரருக்கு, பிளேன் ஏறியிருந்தால் பர்ஸாவுக்கே பேக்ஸ் அடித்து, தலையைத் தூக்கினால் தமிழ்நாட்டில் என்ன அர்த்தம் என்பதைத் தெரிவிக்க வேண்டும். மோர் யாருடையது என்பதை அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை நான் இந்தத் தோட்டத்தை விட்டு ஓர் அடி நகர மாட்டேன், அவரோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அவர் முகத்தில் விழிக்க மாட்டேன், அவர் ஆர்டரும் நமக்கு வேண்டாம். இது என் முடிவான முடிவு.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் அன்பும், குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதமும். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், விருந்தாளி தொல்லை இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்த,
மா. மாசாணம்

பின்குறிப்பு: மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். கவரை ஒட்டப் போகும்போது வாசலில் கார் சத்தம். அன்புமணியும் துருக்கிக்காரரும். பெரியவரிடம் சொல்லிக்கொள்ளாமல் ஊர் போய்ச் சேர மனமில்லை என்று அவரே அன்புமணியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். காரை விட்டு இறங்கியவர் நேராக என்னிடம் வந்தார். குனிந்து என் வலது கையை எடுத்து முத்தம் வைத்து, அதைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார். அவர்கள் ஊரில் பெற்ற அப்பாவுக்குச் செய்கிற மரியாதையாம் அது, அன்புமணி சொன்னான். லேத் பிடித்துக் காய்ப்பேறிய இந்தக் கைக்கு இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை மாப்பிள்ளை. வயதில் பெரியவனாக இருந்தாலும் எனக்குக் கூச்சமாகப் போய், அவரைத் தூக்கி நிறுத்துவதற்காக நானும் குனிந்தேன். தலை கீழே போனது. உடனே அவர் “தமாம்! தமாம்!” என்று கத்திக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சம்மதம் என்று அர்த்தமாம். நான் ஆளைத் தூக்கத்தான் குனிந்தேன், தலையாட்டவில்லை என்று அன்புமணியிடம் சொன்னேன். வழக்கம்போல் அவன் மொழிபெயர்க்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. கார் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்தாகிவிட்டது. அவர் பெயரைப் போட்டதும் அன்புமணி முகம் திருப்பிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டான். நீங்கள் ரயிலேற வேண்டாம். வைகாசியில் என்னைப் பர்ஸாவுக்கு அழைத்திருக்கிறார், பாஸ்போர்ட்டுக்கு எங்கே போக வேண்டும் என்று விசாரித்து உடனே எழுதவும். இப்போது அவர் ஷூவைக் கழற்றிவிட்டு, என்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போக வெறுங்காலோடு வாசலில் நிற்கிறார். நான் இந்தக் கடிதத்தை முடித்துச் சட்டை மாட்டுகிற வரைக்கும் காரில் ஏற மாட்டாராம், பெரியவர் ஏறாமல் சின்னவர் ஏறக் கூடாதாம். நான் வேண்டுமென்றே மெதுவாக எழுதுகிறேன். நல்ல தேசம் மாப்பிள்ளை, ரொம்ப நல்ல தேசம்.